குழு ஆட்டத்துக்கு ஆறு பிள்ளைகள்

அந்தச் சிறுமி பள்ளிக்கூடத்துக்கு வராமல் பத்தொன்பது நாட்கள் ஆகியிருந்தன. சனி, ஞாயிறையும் சேர்த்தால் இருபத்தேழு. கோப்பின் மேலட்டையில் பத்தொன்பது என்றே எழுதியிருந்தது. விடுமுறை நாட்களை அலுவலகம் கணக்கில் எடுப்பதில்லை.

கோப்பு காலை பத்தேகாலுக்கு அந்த அலுவலகத்தில் விளையாட்டுகளை மதிப்பீடு செய்கிறவளின் மேசைக்கு வந்தது. அவள் மேலட்டையைப் படித்தாள். விளையாட்டின் பெயர் ‘சிகரம்’. பாடம், பின்னங்கள். ஐந்தாம் வகுப்பு. மதிப்பீடு செய்தவர் என்ற இடத்தில் அவளுடைய கையெழுத்து, ஓரெழுத்தும் பிசகாமல், பள்ளிப் பிள்ளை போட்டது போல இருந்தது.

பள்ளிகளுக்கு வரும் கணினி விளையாட்டுகளை வகுப்பில் வைக்கலாமா வேண்டாமா என்று பார்த்துச் சொல்லும் பிரிவு அது. மொத்தம் மூன்று பேர். பிரிவின் தலைவி கண்ணாடி அறைக்குள் இருப்பார். வெளியே இரண்டு மேசைகள். ஒன்றில் மொழி விளையாட்டுகளைப் பார்ப்பவர். வழுக்கைத் தலை, ஓய்வு பெற இரண்டு வருடம் பாக்கி, எந்நேரமும் காதில் ஹெட்போன். இன்னொன்றில் அவள். கணக்கும் அறிவியலும் அவள் பொறுப்பு. மற்றப் பிரிவுக்காரர்கள் கடந்து போகும்போது, “இன்னைக்கு யாரு ஜெயிச்சா?” என்று கேட்டுவிட்டுப் போவார்கள். நாள் முழுக்க விளையாடிவிட்டு வீட்டுக்குப் போகிற வேலை என்று அவர்களுக்கு நினைப்பு.

அவளுக்கு மொழிக்காரர் வைத்த பெயர் மியூட். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் வைத்தது. இருபத்தேழு வயதில் ஒருத்தி இவ்வளவு குறைவாகப் பேசி அவர் பார்த்ததில்லை.

“என்ன மியூட்டம்மா, மூஞ்சி விழுந்து கெடக்கு? ஆட்டத்துல தோத்துட்டியா?”

அவள் கோப்பை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். அவர் படித்தார். இரண்டாம் பக்கம் வந்ததும் ஹெட்போனைக் கழற்றிவிட்டார். அவர் அதைக் கழற்றுவது அபூர்வம்.

நடந்தது இதுதான். ‘சிகரம்’ விளையாட்டில் வகுப்பு முழுவதும் ஒரே மலையில் ஏறும். ஆரம்பத்தில் ஒவ்வொரு கணினியும் தன் முன்னால் இருக்கும் பிள்ளையைப் படம் பிடித்துக்கொள்ளும். அந்த முகத்தோடு ஒரு சின்ன உருவம் மலையடிவாரத்தில் நிற்கும். ஒரு கேள்விக்குச் சரியான விடை சொன்னால் ஒரு படி ஏறலாம். எல்லா உருவங்களையும் ஒரே கயிறு இணைத்திருக்கும். யாராவது மற்றவர்களைவிடப் பத்துப் படி பின்தங்கிவிட்டால் கயிறு இழுபட்டு எல்லோரும் நின்றுவிடுவார்கள். எல்லாத் திரைகளிலும் அந்த ஒரு பிள்ளையின் முகம் பெரிதாக வரும். கீழே, ‘உங்கள் குழு இவருக்காகக் காத்திருக்கிறது’ என்று எழுத்து ஓடும். ஒற்றுமையைக் கற்றுக்கொடுக்கும் உத்தி என்று செய்தவர்கள் நினைத்திருக்கிறார்கள்.

அன்றைக்கு அந்த வகுப்பில் முப்பத்திரண்டு கணினிகள் ஓடின. முப்பத்திரண்டிலும் அந்தச் சிறுமியின் முகம் பதினொரு நிமிடம் நின்றது. அவள் தவறான விடையை அழுத்தும் ஒவ்வொரு முறையும் கயிறு முறுகும் சத்தம் முப்பத்திரண்டு ஸ்பீக்கரிலிருந்தும் வந்தது. முதலில் பிள்ளைகள் காத்திருந்தார்கள். பிறகு ஒருவன் சிரித்தான். அப்புறம் எல்லோரும் சேர்ந்து, “ஏறு, ஏறு” என்று மேசையைத் தட்ட ஆரம்பித்தார்கள். அதில் பாதிப் பேர் உதவுவதாகத்தான் நினைத்துத் தட்டினார்கள். மணி அடித்ததும் சிறுமி பையை எடுத்துக்கொண்டு போனாள். மறுநாள் வரவில்லை.

தாய் புகார் கொடுத்தாள். பள்ளிக்கூடம் வகுப்பு டீச்சரைக் கேட்டது. டீச்சர் விளையாட்டைக் காட்டினார். விளையாட்டைச் செய்த கம்பெனி இந்த அலுவலகத்தின் படிவத்தைக் காட்டியது. படிவத்தில் தெளிவாக எழுதியிருந்தது: ‘ஆறு பிள்ளைகளுடன் நாற்பது நிமிடம் குழு ஆட்டம் நடத்தப்பட்டது. காத்திருப்புத் திரை ஒருமுறையும் தோன்றவில்லை.’ அப்படியானால் வகுப்பில் மட்டும் எப்படித் தோன்றியது? மெதுவாகப் படிக்கிற பிள்ளையை அவமானப்படுத்த டீச்சர்தான் அமைப்பை மாற்றியிருக்க வேண்டும். பத்துப் படியை இரண்டு படி ஆக்கினால் யார் வேண்டுமானாலும் மாட்டுவார்கள். நாளைக் காலை பதினொரு மணிக்கு விசாரணை. டீச்சர் தற்காலிகப் பணியில் இருப்பவர். தப்பு அவருடையது என்று முடிவானால் அடுத்த நாளே வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வேறெந்தப் பள்ளியும் அவரைச் சேர்த்துக்கொள்ளாது.

“பாவம், அந்தம்மா காலி” என்றார் மொழிக்காரர். “உன் படிவம் இரும்பு மாதிரி நிக்குது.”

தலைவி கண்ணாடியைத் தட்டிக் கூப்பிட்டார். அவள் உள்ளே போய் நின்றாள்.

“உக்காரு. படிச்சியா? நீ எதுக்கும் பயப்படாத. நீ சரியாத்தான் செஞ்சிருக்க. இன்னைக்கு அந்த ஸ்கூலுக்குப் போய் மெஷினையெல்லாம் ஒரு பார்வை பாத்துட்டு வந்துடு. நாளைக்கு நீ ஒண்ணும் பேச வேண்டாம், படிவத்தை மட்டும் படிச்சா போதும்.” தலைவி ஒரு காகிதத்தைத் தூக்கிக் காட்டினார். “உன்னை நிரந்தரமாக்குற பேப்பர். இது முடிஞ்சதும் மேல அனுப்பிடறேன்.”

“மேடம்.”

“சொல்லு.”

அவள் தலைவியின் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள்.

“ஒண்ணுமில்ல மேடம்.”

ஒன்றுமில்லாமல் இல்லை. படிவத்தில் அவள் எழுதிய குழு ஆட்டம் நடக்கவே இல்லை.

நான்கு மாதத்துக்கு முன்பு ஒரு சனிக்கிழமை. தாழ்வாரத்தின் கடைசியில் பரிசோதனை அறை இருக்கிறது. ஆறு கணினிகள், ஆறு சின்ன நாற்காலிகள். எந்த விளையாட்டானாலும் மதிப்பீட்டாளர் முதலில் தனியாகக் கடைசி வரை ஆட வேண்டும். ‘சிகரத்தை’ அவள் பதினான்கு மணி நேரம் ஆடி முடித்திருந்தாள். ஒரு கேள்வியைக்கூடத் தாண்டிப் போகவில்லை. அதன் பிறகு ஆறு பிள்ளைகளை வரவழைத்துக் குழு ஆட்டம் நடத்த வேண்டும். பிள்ளைகளின் பெயரை எழுதக்கூடாது, எண் மட்டும்தான். அன்று பிள்ளைகளை அனுப்புவதாகச் சொல்லியிருந்த பள்ளியிலிருந்து காலையில் போன் வந்தது. நான்கு பேருக்குக் காய்ச்சல், மற்ற இரண்டு பேரை வீட்டில் விடவில்லை.

திங்கட்கிழமை பத்து மணிக்குப் படிவம் போக வேண்டும். சுவரில் ஒன்பது பள்ளிகளின் எண்கள் ஒட்டியிருந்தன. முதல் எண்ணுக்குப் போன் செய்தாள். “ஹலோ, யாரு?” என்றது ஓர் ஆண் குரல். கொஞ்சம் சலிப்பான குரல், அவ்வளவுதான். அவள் போனை வைத்துவிட்டாள். இரண்டாவது எண்ணை அழுத்தி, மணி அடிப்பதற்கு முன்பே வைத்தாள். மூன்றாவதைப் பார்த்துக்கொண்டு மட்டும் நின்றாள். தலைவியைக் கூப்பிட்டு இன்னும் ஒரு வாரம் அவகாசம் கேட்டிருக்கலாம். கேட்டால் கொடுத்திருப்பார். கேட்க வேண்டுமே.

இந்த வேலைக்கு வருவதற்கு முன்பு அவள் நான்கு மாதம் ஒரு பள்ளியில் அறிவியல் நடத்தினாள். அவள் குரல் மூன்றாவது பெஞ்சைத் தாண்டவில்லை. பிள்ளைகள் ஒன்றும் பொல்லாதவர்கள் இல்லை. கேட்பதற்காக அவர்கள் எல்லோரும் ஒன்றாக முன்னால் சாய்ந்தார்கள். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அந்தச் சனிக்கிழமை முதலில், ஆறு கணினிகளும் ஒன்றோடொன்று இணைகின்றனவா என்று மட்டும் பார்க்கத்தான் அவள் உட்கார்ந்தாள். படம் எடுக்கும்போது கேமராவைக் கட்டை விரலால் மூடிக்கொண்டாள். மலையடிவாரத்தில் முகமில்லாத ஆறு உருவங்கள் நின்றன. முதல் நாற்காலியில் ஒரு விடை. எழுந்து இரண்டாவது நாற்காலியில் ஒரு விடை. மூன்றாவது. நான்காவது. முழங்கால் மேசையில் இடித்தது. நாற்பது நிமிடமும் சுற்றிச் சுற்றி வந்தாள். போகப்போக ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு குணம் வந்துவிட்டது. ஒன்று சூட்டிகை, மூன்று அவசரக்குடுக்கை, ஆறு தூங்குமூஞ்சி. ஐந்துக்கு மட்டும் வேண்டுமென்றே நிறைய தப்பு விடைகள் போட்டாள். ஆனாலும் நான்கு படிக்கு மேல் பின்தங்க விட அவளுக்கு மனம் வரவில்லை.

வகுப்பில் பின்தங்கி நிற்கும் பிள்ளைக்குப் பின்னால் இப்படி மனமிரங்குகிற கை எதுவும் கிடையாது. அது அவளுக்கு அன்று தோன்றவில்லை. காத்திருப்பைப் பற்றிக் கையேட்டில் ஒரு வரி இருந்தது. படித்தாள். நல்ல யோசனை என்றுகூட நினைத்தாள். மத்தியானம் உட்கார்ந்து ஆறு பேருக்கும் தனித்தனியாகக் குறிப்பு எழுதினாள். எழுதும்போது சந்தோஷமாக இருந்தது. அவள் பயப்படாத பிள்ளைகள் அந்த ஆறு பேர் மட்டும்தான்.

தலைவி சொன்னபடி அவள் அந்தச் சிறுமியின் பள்ளிக்குப் போனாள். கணினி அறை மாடியில் இருந்தது. வகுப்பு டீச்சர் சாவியோடு காத்திருந்தார். நாற்பது வயது இருக்கும், தூங்கிப் பல நாட்களான கண்கள், விரல்களில் சாக்பீஸ் தூள்.

“நீங்கதான் இதைப் பாஸ் பண்ணீங்களா?”

அவள் ஏதோ சொன்னாள்.

“எனக்குக் காது நல்லாத்தான் கேக்கும். உங்களுக்குத்தான் வாய் சரியில்ல போல.”

“ஆமா, நான்தான்.”

“சரி, பாருங்க. எல்லாத்தையும் பாருங்க. நான் எதையும் தொடல. தொடத் தெரிஞ்சிருந்தா அந்தக் கருமத்தை அன்னைக்கே நிறுத்தியிருப்பேனே.”

அவள் ஒவ்வொரு கணினியாகத் திறந்தாள். அமைப்பு என்ற பக்கத்தில் ‘காத்திருப்பு இடைவெளி: 10’ என்று இருந்தது. அடுத்ததிலும் பத்து. அதற்கடுத்ததிலும். முப்பத்திரண்டிலும் பத்து. யாரும் எதையும் மாற்றவில்லை. மாற்றியிருக்க மாட்டார்கள் என்பது இங்கே வருவதற்கு முன்பே அவளுக்குத் தெரியும். இருந்தும் கடைசிக் கணினி வரை நம்பிக்கையோடு திறந்தாள், ஏதாவது ஒன்றிலாவது இரண்டு என்று இருந்துவிடாதா என்று. அப்படி ஓர் ஆசை தனக்கு வந்ததை எண்ணி அவளுக்கே கூசியது.

டீச்சர் ஜன்னல் ஓரத்தில் சாய்ந்து நின்று பேசிக்கொண்டிருந்தார். அவளிடம் என்றில்லை, யாரிடமாவது சொல்லியாக வேண்டும் என்பது போல.

“நான் ஒண்ணும் பூ மாதிரி பேசுற டீச்சர் இல்ல. அந்தப் பொண்ணையே நாலு தடவை திட்டியிருக்கேன், வீட்டுப்பாடம் எழுதலன்னு. கிளாஸ்ல எல்லாருக்கும் தெரியும். அதனாலதான் எல்லாரும் நம்புறாங்க, இவதான் செஞ்சிருப்பான்னு. திட்டுறது வேற, இது வேற. அது மூஞ்சிய முப்பத்திரண்டு எடத்துல நான் மாட்டல.”

“அந்தப் பொண்ணைப் பாத்தீங்களா?”

“மூணு தடவை வீட்டுக்குப் போனேன். கதவுக்குப் பின்னாடி நின்னுட்டா, வெளிய வரல. அவங்கம்மா சொன்னாங்க, வீட்ல இருந்த கண்ணாடியக் கழட்டிக் கட்டிலுக்கு அடியில தள்ளிட்டாளாம். சாப்பாடு குடுக்கப் போனாகூட முதுகைத்தான் காட்டுறாளாம்.” டீச்சர் ஒரு கணினியின் அணைந்த திரையைக் கையால் துடைத்தார். “ஆமா, உங்க ஆறு பிள்ளைங்க எப்படி? எல்லாம் ஒண்ணா ஏறிச்சா?”

“கிட்டத்தட்ட.”

“கொடுத்து வெச்சவங்க. என் கிளாஸ்ல ரெண்டு பிள்ளைங்க எதையும் ஒரே வேகத்துல செஞ்சு நான் பாத்ததில்ல. பென்சில் சீவுறதைக்கூட.”

அவள் கடைசிக் கணினியை மூடினாள். ‘அமைப்பு மாற்றப்பட்டதற்கான அடையாளம் இல்லை’ என்று குறிப்பு எழுதி டீச்சரிடம் காட்டினாள். டீச்சர் இரண்டு முறை படித்தார்.

“இது போதுமா?”

போதாது என்று அவளுக்குத் தெரியும். மாற்றிவிட்டுத் திரும்பவும் பழையபடி வைத்திருக்கலாம் என்று ஒரே வார்த்தையில் இதைத் தள்ளிவிடுவார்கள். அவள் தலையை ஆட்டினாள். அந்த ஆட்டலை ஆம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். டீச்சர் ஆம் என்று எடுத்துக்கொண்டார். மாடிப்படி வரை கூட வந்து, “பாத்துப் போங்க, அஞ்சாவது படி ஒடஞ்சிருக்கு” என்றார்.

அவள் தன் அக்காவின் வீட்டில் தங்கியிருந்தாள். அக்காவுக்கு ஒரு கிளினிக்கில் வரவேற்பு வேலை. நாள் முழுக்க நோயாளிகளை அதட்டிவிட்டு வந்து வீட்டில் மிச்சத்தைப் பேசுவாள். சின்ன வயதிலிருந்தே தங்கைக்கும் சேர்த்து அவள்தான் பேசுவது வழக்கம். கடையில், டாக்டரிடம், கல்லூரியில் சேரும்போது, எல்லா இடத்திலும். “இவளுக்கு என்ன வேணும்னா” என்று ஆரம்பிப்பாள். தங்கை பக்கத்தில் நின்று தலையாட்டுவாள்.

அன்று சாயங்காலம் அக்கா துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

“என்னடி, வந்ததுலேர்ந்து பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?”

“ஒரு வேலையை நான் ஒழுங்கா செய்யலக்கா. அதனால வேற ஒருத்தருக்குப் பிரச்சன.”

“யாருக்காவது தெரியுமா, நீ ஒழுங்கா செய்யலன்னு?”

“தெரியாது.”

“கண்டுபிடிப்பாங்களா?”

“முடியாது.”

அக்கா சட்டையின் கழுத்துப் பட்டையைத் திருப்பிப் போட்டாள். “அப்ப வாயத் திறக்காத. அதுதான் உனக்குக் கைவந்த கலையாச்சே.”

“அவங்க வேலை போயிடும்.”

“சொன்னா உன் வேலை போயிடும். உன்னை நிரந்தரமாக்கப் போறாங்கன்னு நீதானே சொன்ன? தனியா ஒரு ரூம் பாத்துட்டுப் போறேன், எத்தன நாள்தான் உங்க சோபாவுல படுக்கறதுன்னு போன வாரம் கேட்டியே.” இஸ்திரிப் பெட்டி துணியில் போய் வந்தது. பிறகு அக்கா குரலைத் தணித்தாள். “இங்க பாரு, நான் வேணா உங்க மேடத்துக்குப் போன் பண்ணட்டுமா? உடம்பு சரியில்ல, நாளைக்கு வரமாட்டான்னு சொல்லிடறேன். படிவத்தை வேற யாராவது படிக்கட்டும்.”

அது நல்ல வழியாகத்தான் இருந்தது. அக்கா போன் செய்வாள். இருமல், காய்ச்சல் என்று நம்பும்படி சொல்வாள். மொழிக்காரர் படிவத்தை ராகம் போட்டுப் படிப்பார். அந்த நேரத்தில் இவள் போர்வைக்குள் இருப்பாள். டீச்சர் சாவிக்கொத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உடைந்த படியைத் தாண்டி இறங்கிப் போவார்.

“வேண்டாம்” என்றாள்.

“ஏன்?”

அவள் இஸ்திரி முடிந்த சட்டையை மடித்து வைத்தாள். அக்கா அடுத்த சட்டையை எடுத்தாள்.

விசாரணை அலுவலகத்தின் கூட்ட அறையில் நடந்தது. நீள மேசையின் ஒரு முனையில் தலைவி உட்கார்ந்தார். ஒருபுறம் பள்ளியின் தலைமையாசிரியர், அவருக்குப் பக்கத்தில் கம்பெனியிலிருந்து வந்த இளைஞன். அவன் சட்டையில் சின்னதாக ஒரு மலை அச்சிட்டிருந்தது. எதிரே டீச்சர். மொழிக்காரர் மூலையில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். மேசையின் கடைசியில் சிறுமியின் தாய், ஆஸ்பத்திரி சலவைப் பிரிவின் நீலச் சீருடையிலேயே வந்திருந்தாள். இரண்டு மணி நேரம் அனுமதி கேட்டு வந்ததாகச் சொன்னாள். நாள் முழுக்கத் தண்ணீரில் இருக்கும் விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. அந்த விரல்களை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

இயந்திரங்களைப் பார்த்த குறிப்பைத் தலைவி முதலில் படித்தார்.

“இப்ப பத்துன்னுதான் இருக்கும் மேடம்” என்றான் கம்பெனி இளைஞன். “மாத்திட்டுத் திரும்பப் பழையபடி வெக்கறதுக்கு அரை நிமிஷம் போதும். நாங்க யார் மேலயும் பழி போடல. ஆனா ஆறு பிள்ளைங்க முழுசா நாற்பது நிமிஷம் ஆடியிருக்காங்க. ஒரு தடவைகூட அந்தத் திரை வரல. அதுதான் எங்க சாட்சி.”

“நான் அரை நிமிஷத்துல எதையாவது மாத்துற ஆளா?” என்றார் டீச்சர் தலைமையாசிரியரைப் பார்த்து. “போன மாசம் பிரிண்டர்ல பேப்பர் சிக்கினதுக்கே உங்களைக் கூப்பிட்டேனே சார்.”

தலைமையாசிரியர் பேனா மூடியைத் திருகினார். “அது உண்மைதான். ஆனா பெற்றோருக்கு நான் ஒரு பதில் சொல்லணும் இல்லையா? நீங்க அந்தப் பொண்ணைத் திட்டுறதுண்டுன்னு பிள்ளைங்களே எழுதிக் குடுத்திருக்காங்க.”

டீச்சர் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார்.

தலைவி அவளைப் பார்த்துத் தலையசைத்தார். “படி.”

அவள் படிவத்தைக் கையில் எடுத்தாள். தேதி, நேரம், அறை, கணினிகளின் எண்ணிக்கை. குரல் மேசையில் பாதி தூரம்தான் போயிருக்கும். எல்லோரும் முன்னால் சாய்ந்தார்கள். அவள் காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல் படித்தாள். முதலாம் எண், இரண்டாம் எண், மூன்றாம் எண். தான் எழுதியதுதான், ஆனாலும் இவ்வளவு நுணுக்கமாக எழுதியிருந்தது அவளுக்கே மறந்திருந்தது.

“ஐந்தாம் எண், பெண். ஒவ்வொரு கேள்விக்கும் முன்பு தயங்குகிறாள். தவறு செய்தால் கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறாள். பலமுறை பின்தங்கியும் விட்டுவிடவில்லை. மற்றவர்கள் முடித்த பிறகும் பதற்றப்படாமல் ஏறினாள். ஆட்டம் முடிந்ததும் சிரித்தபடி எழுந்தாள்.”

“பாருங்க, எப்படி கவனிச்சிருக்கா” என்றார் தலைவி.

“இதைத்தான் மேடம் நாங்க எதிர்பார்த்தோம்” என்றான் இளைஞன். “மெதுவா வர்ற பிள்ளைக்கு இது தைரியம் குடுக்கும். சரியா நடத்தினா.”

சரியா நடத்தினா என்ற வார்த்தையை டீச்சர் வாங்கிக்கொண்டு குனிந்தார். ஆறாம் எண்ணையும் படித்து முடித்து அவள் படிவத்தைக் கீழே வைத்தாள். தலைவி கடிகாரத்தைப் பார்த்தார்.

“அப்ப நாம முடிவுக்கு வந்துடலாம்.”

மேசையின் கடைசியில் தாய் கையைத் தூக்கினாள், வகுப்பில் கேள்வி கேட்கிற பிள்ளை போல.

“சொல்லுங்கம்மா.”

“எனக்கு இந்த மெஷின் விஷயமெல்லாம் புரியல. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்த அஞ்சாவது பொண்ணுன்னு படிச்சாங்களே, அது அப்படியே எம்பொண்ணு மாதிரி இருக்கு. இவளும் இப்படித்தான், தப்பு பண்ணிட்டா கையை மடியில வெச்சுக்குவா.” தாய் அவளைப் பார்த்தாள். “அந்தப் பொண்ணை ஒரே ஒரு தடவை எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வர முடியுமாம்மா?”

கம்பெனி இளைஞன் தலைவியைப் பார்த்தான்.

“பெரியவங்க நாங்க என்ன சொன்னாலும் அவ நம்ப மாட்டேங்கறா. எனக்கு ஆறுதல் சொல்லத்தான் சொல்றேன்னு நெனைக்கறா. அந்தப் பொண்ணு வந்து, நானும் கடைசியாத்தான் ஏறினேன், எனக்கு ஒண்ணும் ஆகலன்னு சொன்னா போதும். வேற ஒண்ணும் வேணாம். டீச்சர் மேல நடவடிக்கை எடுக்கறதுகூட எனக்கு வேணாம்.”

“பிள்ளைங்க விவரத்தை நாங்க வெளிய குடுக்கறதில்லம்மா” என்றார் தலைவி. “விதி அப்படி.”

“பேரு வேணாங்க. பொண்ணு வந்தா போதும். நானே போய்க் கூட்டிட்டு வந்து திரும்பக் கொண்டுபோய் விடறேன். ஞாயித்துக்கிழமை எனக்கு லீவுதான்.”

தலைவி கொஞ்சம் யோசித்தார். கல்மனதுக்காரர் இல்லை அவர். அவள் பக்கம் திரும்பி, “அந்தப் பிள்ளை வீட்ல ஒரு வார்த்தை கேட்டுப் பாக்க முடியுமா உன்னால?” என்றார்.

கேட்டுப் பார்க்கிறேன் என்று சொன்னால் போதும். ஒரு வாரம் கழித்து, அவர்கள் ஊரை விட்டுப் போய்விட்டார்கள் என்று சொல்லலாம். யாரும் தேடப்போவதில்லை. தாய் ஒரு வாரம் காத்திருப்பாள். மகளிடம் இன்று சாயங்காலமே சொல்லிவிடுவாள், உன்னை மாதிரியே ஒருத்தி இருக்கா, ஞாயிற்றுக்கிழமை வருவா என்று. அந்தச் சிறுமி கதவுக்குப் பின்னால் நின்று வாசலைப் பார்ப்பாள்.

அவள் எழுந்து நின்றாள். எழுந்திருக்க வேண்டிய அவசியமில்லை. நாற்காலி பின்னால் நகர்ந்து சத்தம் போட்டது. மொழிக்காரர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“அப்படி ஒரு பொண்ணு இல்லம்மா” என்றாள். தலைவியைப் பார்க்கவில்லை. மேசையின் கடைசியில் இருந்தவளைப் பார்த்துத்தான் சொன்னாள்.

“கேக்கல” என்றார் தலைமையாசிரியர்.

அவள் மூச்சை உள்ளே இழுத்தாள். வகுப்பில் நின்ற அந்த நான்கு மாதங்களில் ஒருநாளும் எட்டாத தூரத்துக்குக் குரலை எடுத்தாள்.

“அன்னைக்கு எந்தப் பிள்ளையும் வரல. ஆறு மெஷின்லயும் மாறி மாறி உக்காந்து ஆடினது நான் ஒருத்திதான்.”